பொடிக்கட்டச் சேலை

சேலை அசைந்தது.

சிவபாண்டி மவுஸிலிருந்து கையை எடுத்தான். திரையில் மாரிச்செல்வி நின்றிருந்தாள். அவன் மனைவி. போன வருஷம் ஐப்பசியில் இறந்தவள். படம் அதற்கும் முன்னால் அவனே எடுத்தது. முகம் அசையவில்லை, பின்னால் கொல்லைக் கதவு அசையவில்லை, கொடியில் கிடந்த துண்டு அசையவில்லை. ஊதாவும் வெள்ளையுமாகப் பொடிக்கட்டம் போட்ட அந்த நூல் சேலை மட்டும், மார்புக்குக் குறுக்கே, ஓடைத் தண்ணீரில் அலசப் போட்ட துணியைப் போல மெல்ல நெளிந்தது.

அவன் பயப்படவில்லை. பொடிக்கட்டத்துக்கும் திரைக்கும் ஆகாது என்பது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். திரையும் ஒரு நெசவுதான். புள்ளிகள் பாவும் ஊடுமாக ஓடுகின்றன. ஒரு நெசவின் மேல் இன்னொரு நெசவு ஏறினால் மூன்றாவதாக ஒன்று தோன்றும். அது சேலையிலும் இருக்காது, திரையிலும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும். புத்தகத்தில் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் போட்டிருந்தது. ராஜபாளையத்தில் அவனைப் போலக் கல்யாண வீடியோ மிக்ஸிங் பண்ணுகிறவர்கள் அலை என்றே சொன்னார்கள்.

அவனுக்கு அதை முதலில் காட்டியவள் மாரிச்செல்விதான். அவள் செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இரண்டு துண்டு துணியைக் கொண்டுவந்து ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேல் துணியை ஒரு நூல் அளவு நகர்த்தினாள். வெள்ளைத் துணிக்குள் சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய வளையங்கள் புரண்டு போயின.

"இங்கன பாருங்க," என்றாள். "தண்ணி ஓடுது."

அந்தத் தறிப் பஞ்சுதான் பொறவு அவள் நெஞ்சில் இறங்கியது. டாக்டர் சொல்லும்போது அவளுக்கு முப்பது வயது முடியவில்லை.

சிவபாண்டியின் அறை தென்காசி ரோட்டில் பிரேம்குமாரின் ஸ்டூடியோவுக்கு மேலே இருந்தது. திரையின் நிறம் கெடாமலிருக்க ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தான். உள்ளே பகல் கிடையாது. வெளியே காலையிலிருந்து மழை. மேற்கே மலையை மேகம் விழுங்கியிருந்தது. பஸ்கள் தண்ணீரைக் கிழித்துப் போகும் சத்தமும், எங்கோ பின்தெருவில் விசைத்தறி ஒன்று விடாமல் அடித்துக்கொள்ளும் சத்தமும், கம்ப்யூட்டரின் சூடான தூசி வாசமும், நாற்காலி முதுகில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து வந்த பாச்சை உருண்டை வாசமும் அந்த இருட்டில் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

கவருக்குள் அதே சேலை இருந்தது. நாளை மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரிச்செல்வியின் பெற்றோர் வீட்டில் முதல் வருஷத்துச் சாமி கும்பிடு. வாழ வேண்டிய வயசில் போன பெண் அந்த வீட்டுக்குச் சாமி. அவள் ஆசையாகக் கட்டிய சேலை ஒன்றை ஓலைப்பெட்டியில் வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, படையல் போட்டுக் கும்பிட்டு, வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி மேல் சுற்றிப் பார்ப்பார்கள். பொறவு மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அத்தை இருளம்மாள் போனில் கேட்டபோது அவனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பொடிக்கட்டம்தான்.

அன்றைக்கு அங்கே போடுவதற்குத்தான் இந்த நினைவு வீடியோ. அதில் படம் மெல்லக் கிட்டே வர வேண்டும். அசையாத படம் பார்க்கிறவர்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். அவனும் அப்படித்தான் வைத்திருந்தான். கிட்டே வர வர அலை ஓடும், அது இயல்பு. அவன் நகர்வை எடுத்துவிட்டுப் படத்தை ஒரே இடத்தில் நிறுத்தினான். இனி ஓடக் கூடாது.

ஓடியது.

படம் அளவுக்கு மீறிப் பெரியதாக இருக்கும், வரிகள் மினுங்கும், அதுவும் வழக்கம்தான். படத்தைத் திரையின் அளவுக்குச் சுருக்கினான். மேலும் கீழுமாக ஒரு துளி மங்கலாக்கினான். ஒரு துளிதான். கூடிவிட்டால் முகமும் போய்விடும். கட்டங்களின் ஓரம் மெத்தென்று ஆனது. அலை அடங்கியது போலிருந்தது.

போன் அடித்தது. ஸ்ரீஜா. ஐந்தாம் வகுப்பு. அம்மா போனதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறாள்.

"அப்பா, வீடியோ முடிச்சிட்டியளா?"

"முடியப் போவுதும்மா. சாப்ட்டியா?"

"ம். அப்பா, அம்மா மூச்சு வாங்காத படமா போடுங்க."

"ஃபோட்டோல எப்படிம்மா மூச்சு வாங்கும்?"

"வாங்கும். ஒங்க ஃபோன்ல இருக்கது எல்லாத்துலயும் வாயத் தொறந்துக்கிட்டு இருக்காவ. அம்மான்னு நெனச்சா எனக்கு அந்த சத்தந்தான் வருது. மூஞ்சி வர மாட்டேங்கு."

அவன் திரையைப் பார்த்தான். வாய் மூடிய ஒரே படம் இதுதான். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்தது. தானாகவே அலமாரியைத் திறந்து இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒண்ணு எடுங்க என்று வந்து நின்றாள். அவன் போனைத் தூக்கியதும் உதட்டை மூடிக்கொண்டாள். எடுத்து முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பொறவு கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல படமா இருக்கு," என்றான். "நீ பாரு."

"சத்தியமா?"

"சத்தியமா."

இன்னொரு படம் வேண்டியிருந்தது. சீக்குக்கு முந்தின படம். கல்யாண டேப்பைத் தவிர வேறு எதிலும் அவள் இல்லை. பழைய கேமரா ஒரு படத்தை ஒரே வீச்சில் எடுக்காது. முதலில் ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பாதி. கண் இமைப்பதற்குள், விட்ட வரிகளில் மறு பாதி. ஓடும்போது தெரியாது. நிறுத்தி ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்தால், அதற்குள் அசைந்தவர்கள் சீப்புப் பல் போலக் கிழிந்து நிற்பார்கள். ஒரே ஆள், இரண்டு நேரத்தில்.

மாலையோடு அவள் யாரையோ பார்த்துச் சிரித்துத் திரும்பும் இடத்தில் நிறுத்தியிருந்தான். கன்னத்தின் ஓரம் பல் பல்லாகக் கிழிந்திருந்தது. மருந்து எளிது. ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியை எறிந்துவிட வேண்டும். எறிந்த வரிகளின் இடத்தை, மேலும் கீழும் இருக்கிற வரிகளைப் பார்த்துக் கம்ப்யூட்டர் இட்டு நிரப்பிக்கொள்ளும். பாதி முகம் நிஜம். பாதி ஊகம். யாருக்கும் தெரியாது.

முதல் பாதியை வைத்துப் பார்த்தான். பக்கவாட்டில் சிரிப்பு. கன்னம் முழுசாக இருந்தது. கண்ணில் பந்தல் விளக்கு மின்னியது. அழகாக இருந்தாள்.

எதை எறிகிறோம் என்று பார்த்துவிட்டு எறிவது அவன் பழக்கம். சில சமயம் எறிவதில்தான் கண் நன்றாகத் திறந்திருக்கும். மறு பாதிக்கு மாற்றினான்.

முகம் ஒரு விரல்கடைதான் விலகியிருக்க வேண்டும். அவ்வளவுதான் நேரம் இருக்கிறது, அதற்கும் இதற்கும்.

அவள் முழுசாகத் திரும்பியிருந்தாள். கேமராவைப் பார்த்தாள். சிரிப்பு இல்லை. பூவும் மாலையும் நெற்றிச்சுட்டியும் அப்படியே இருக்க, வாய் திறந்திருந்தது. கீழுதடு உள்ளே இழுத்திருந்தது. கழுத்துக் குழி பள்ளமாக இறங்கியிருந்தது.

அந்த வாய் அவனுக்குத் தெரியும். கல்யாணத்தன்று அது அவளுக்குக் கிடையாது. ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி இருந்த வாய்.

அவன் முதல் பாதிக்கு மாற்றினான். சிரிப்பு. மறு பாதி. வாய்.

டேப் பழசு, என்று சொல்லிக்கொண்டான். பூஞ்சை பிடித்திருக்கும், வரிகள் இடம் மாறியிருக்கும். மறு பாதியை அழித்தான். திரும்ப எடுக்க முடியாது, சரியா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்றான். விரல் ஈரமாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம். பிரேம்குமார் இரண்டு டீயோடு கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்னண்ணே, கீழ எறங்குற சோலியே கெடையாதா? கதவ அடச்சிக்கிட்டு முட்டையா அடகாக்குறிய?"

"குஞ்சு பொரிச்சதும் கூப்புடுதேன், போலே."

"மழைக்கு ஒரு பய வரல. ஒரே ஒரு ஆளு, பாஸ்போர்ட் சைஸ்க்கு. அவனும் கேமராவப் பாத்து மொறைக்கான், நாந்தான் அவன் சொத்த எழுதி வாங்குன மாதிரி." டீயை வைத்தான். ஒரு ஓரத்தில் பொடிக்கட்டப் படம் திறந்தே இருந்தது. அவன் குனிந்தான். "கல்யாண டேப்ப விட்டா அண்ணி வீடியோ ஒண்ணும் கெடயாதுன்னியளே. இது எப்ப எடுத்தது?"

"ஃபோட்டோலே அது."

"ஆடுது."

"சேல. கட்டம் அலையடிக்கி. இப்பத்தான் மட்டுப்படுத்துனேன்."

பிரேம்குமார் டீயைக் குடிக்கவில்லை. டம்ளர் அவன் வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"கட்டத்தச் சொல்லலண்ணே," என்றான். "தோளு."

பின்தெருவில் தறி அடித்தது.

"போயி கடையப் பாரு," என்றான் சிவபாண்டி.

"போறேன். நீங்களும் வாங்கண்ணே. நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"இன்னைக்கே முடிக்கணும்லே."

பிரேம்குமார் டம்ளரோடு போனான். படியில் மெதுவாக இறங்கினான். கீழே போய்ச் சேரும் வரை சிவபாண்டி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பொறவு படத்தைத் திரை முழுவதுக்கும் திறந்தான்.

அலை திரும்பியிருந்தது. மங்கலான கட்டங்களுக்கு மேல், ஊதாவும் இல்லாத வெள்ளையும் இல்லாத ஒரு நிறத்தில், அகலமாக, வயிற்றிலிருந்து கழுத்து வரைக்கும் ஏறியது. இறங்கியது. ஓட்டத்தை நிறுத்தியிருந்தான். திரையின் கீழே நேரம் நின்றிருந்தது. நேரம் நின்ற படத்தில் அலை ஏறியது.

முதலில் மடை நீர் போல எந்நேரமும் ஒரு பக்கமாக ஓடியதாகத்தான் நினைத்திருந்தான். இல்லை. ஏறியது. பாதியில் எதிலோ தட்டியது. நின்றது. மறுபடி ஏறியது. இறங்கியது.

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

ஏறியது. தட்டியது. ஏறியது. இறங்கியது.

இந்தக் கணக்கை அவன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அஞ்சு வருஷம் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறான். பாதித் தூக்கத்தில் அது நின்றால் முழித்துக்கொள்வான். ஆஸ்பத்திரியில் அன்று ராத்திரி முழுக்க, அவள் முகத்தை ஒரு தடவைக்கு மேல் பார்க்கத் தைரியம் இல்லாமல், போர்வையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். ஏறும். தட்டும். ஏறும். இறங்கும். ஒரு தடவை இறங்கியது. அவன் ஏறுவதற்காகக் காத்திருந்தான். நர்ஸ் வந்து தோளைத் தொடும் வரைக்கும் காத்திருந்தான்.

அறையில் அந்த மருந்து வாசம் வந்தது. மூக்கில் குழாய் வைத்து ஆவி பிடிக்கும் மருந்து. பாட்டில்களை எல்லாம் எப்போதோ குப்பையில் போட்டாகிவிட்டது.

"மாரி," என்றான்.

உதடு மூடியிருந்தது. கண் அவனைப் பார்த்தது. எடுக்கும்போது பார்த்த அதே பார்வை. சீக்கிரம், என்றது. சீக்கிரம் எடுங்க. பிடிச்சிக்கிட்டு இருக்கேன்.

இவ்வளவு நாளும்.

அவனுக்கு அழுகை வந்தது. பயத்தை விடப் பெரிதாக வந்தது. கையை நீட்டித் திரையில் வைத்தான். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் அது ஏறியது, தட்டியது. இப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் கொடுக்க வேண்டாம். மாடியைப் பூட்டிக்கொண்டு தினமும் வந்து பார்க்கலாம். வேறு எங்கேயும் இல்லாத மூச்சு இங்கே இருக்கிறது.

மூஞ்சி வர மாட்டேங்கு.

சத்தியமா என்று ஸ்ரீஜா கேட்டாள். சத்தியமா என்றான்.

ஒவ்வொரு மூச்சும் அவளை எவ்வளவு வருத்தியது என்பதும் அவனுக்குத் தெரியும்.

மங்கலைக் கூட்டினான். கட்டங்கள் கரைந்தன. அலை ஏறியது, தட்டியது. இன்னும் கூட்டினான். முகத்தை மட்டும் தனியாக மூடி வைத்துவிட்டுச் சேலையை மட்டும் கூட்டினான். ஊதாவும் வெள்ளையும் ஒன்றாகி வெளிறின. ஏறியது. பாதிதான். இன்னும். தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. கண் அவனைப் பார்த்தது.

"சரி," என்றான். "சரி, தாயி. போதும்."

இன்னும் ஒரு துளி.

இறங்கியது.

காத்திருந்தான். கை மவுஸில் இருந்தது. தறிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மழையும் இல்லை. சேலை ஒரே நிறமாக, தாள் போலக் கிடந்தது. அதற்கு மேல் வாய் மூடிய முகம். சீக்கு இல்லாத முகம். ஸ்ரீஜா கேட்ட முகம்.

ஏறவில்லை.

வீடியோவை முடித்துப் பென் டிரைவில் ஏற்றினான். விளக்கைப் போட்டுவிட்டு, கவரை எடுக்கத் திரும்பினான்.

காலையில் மாட்டும்போது பிளாஸ்டிக் பளிச்சென்றுதான் இருந்தது. சேலையின் கட்டங்கள் தெரிந்தன. இப்போது தெரியவில்லை. கவரின் உள்பக்கம் முழுக்க வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. துளிகள் திரண்டு ஓரமாக இறங்கின.

மழை ஈரம், என்று நினைத்தான். தொடாமல், ஹேங்கர் கம்பியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான்.

சாமி கும்பிடும் நாளில் வெயில் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு நாள் மழையில் ஊறிய சுவர்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கோபுரம் கழுவிவிட்டது போல நின்றது. சிவபாண்டி ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் இடையில் முழிக்கவில்லை.

"வாங்க மாப்ள," என்றார் மாமா தங்கச்சாமி. கவரை வாங்கி நேராக உள்ளே கொண்டுபோனார். கிழக்குச் சுவரோரம் இலை போட்டிருந்தது. பக்கத்தில் புது ஓலைப்பெட்டி. நெருங்கின சொந்தம் மட்டும் வந்திருந்தது. இருளம்மாள் சேலையைக் கவரிலிருந்து எடுத்து உதறினாள். காய்ந்துதான் இருந்தது. பெட்டிக்குள் வைத்து மேலே பூப் போட்டாள்.

டிவியில் பென் டிரைவைச் சொருகினான். வாசல் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. வெளிச்சம் இருக்கட்டும்.

கல்யாணப் படம் வந்தது. பக்கவாட்டுச் சிரிப்பு. யாரோ விசும்பினார்கள். அவன் கன்னத்தின் ஓரத்தையே பார்த்தான். சீப்புப் பல் எதுவும் இல்லை. மெல்லக் கரைந்து பொடிக்கட்டம் வந்தது. அசையாத முகம், அசையாத கதவு, அசையாத துண்டு. வெளிறிய சேலை. அவன் சேலையை மட்டும் பார்த்தான். ஒன்றும் இல்லை. தாள்.

ஸ்ரீஜா டிவிக்குக் கிட்டே போய் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா சும்மா நிக்காவ," என்றாள். "மூச்சே வாங்கல."

"ஆமாம்மா."

"இதான் அம்மா மூஞ்சி." மெதுவாக, மனப்பாடம் செய்வது போலச் சொன்னாள். "இனும மறக்காது."

அவன் முகத்தைத் துண்டில் அழுத்திக்கொண்டான். ஒரு வருஷமாக நெஞ்சில் கட்டியாகக் கிடந்த ஏதோ ஒன்று இளகி இறங்கியது.

சூடம் காட்டினார்கள். தங்கச்சாமி பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு, பிள்ளையக் கூப்பிடு என்றார். இருளம்மாள் சேலையை எடுத்து விரித்தாள்.

"ஏட்டி, இங்க வா. நேரா நில்லு. கூனாத."

"நீளமா இருக்கு ஆச்சி."

"ஒங்கம்மா சேல பின்ன எம்புட்டு இருக்கும்? ஒனக்குன்னு கிழிக்கவா முடியும்? கையத் தூக்கு."

சிரித்தார்கள். பாவாடைச் சட்டைக்கு மேல் இரண்டு சுற்று வந்தது. கொசுவத்தை இடுப்பில் திணித்து, முந்தானையை மார்புக்குக் குறுக்கே எடுத்துத் தோளில் போட்டு, இருளம்மாள் பின்னால் எட்டி நின்று பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அவளேதான்," என்றாள்.

ஸ்ரீஜா வாசலைப் பார்த்து நின்றாள். வெயில் நேராக அவள் மேல் விழுந்தது. கட்டங்கள் தெளிவாக இருந்தன. ஒவ்வொரு நூலும் தெரிந்தது. சிவபாண்டி போனை எடுக்கப் பையில் கை விட்டான். ஒரு படம் எடுக்கலாம் என்று நினைத்தான்.

கை பையிலேயே நின்றது.

ஊதாவும் இல்லை. வெள்ளையும் இல்லை. அகலமாக ஒன்று அவள் வயிற்றிலிருந்து ஏறியது.

பிள்ளை அசைகிறாள், அதனால்தான். பிள்ளை அசையவில்லை. கூனாமல், கையை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

நடுவில் திரை இல்லை. கண்ணாடி இல்லை. வெயிலும் நூலும்தான்.

தட்டியது. நின்றது. ஏறியது.

அவன் டிவியைப் பார்த்தான். படம் அப்படியே நின்றது. வெளிறிய சேலை. காலியான சேலை.

"அத்தை," என்றான். "அத அவுத்துருங்க."

"இருங்க மாப்ள. சாமி பாக்கட்டும்."

ஸ்ரீஜா குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். வியப்பாகப் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் அன்று மாரி காட்டியதை அவன் பிள்ளையிடம் சொன்னதில்லை. மாரியும் சொன்னதில்லை, பிள்ளை பிறக்கும் முன்பே தறியை விட்டுவிட்டாள்.

"அப்பா," என்றாள். "இங்கன பாருங்க."

"ஸ்ரீஜா."

"தண்ணி ஓடுது."

நிமிர்ந்து நேராக அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. உதடுகள் பிரிந்தன. கீழுதடு உள்ளே போனது. கழுத்துக் குழி மெல்லப் பள்ளமானது. அவன் அழித்த பாதி.

யாரோ குலவை போட்டார்கள்.

ஏறியது. தட்டியது.

இறங்கியது.

சிவபாண்டி அது ஏறுவதற்காகக் காத்திருந்தான்.